கடிக்காத சிரிப்பு

மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம் என்று புரட்டினார் கவிஞர் நண்பர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஐந்து தொகுப்பு போட்டவர். காபி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"என்ன தம்பி இது? மேகம், மரம், பென்சில், நடுவுல ஒரு சின்னப் பையன். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பல்லுப் போன சிரிப்பு. எங்கயும் கடிக்கவே இல்லையே!"

"அண்ணே, இதை வரைஞ்சவர் என்ன தொழில் பண்றார் தெரியுமா?"

"என்ன?"

"பல் டாக்டர். கோணப் பல்லுக்குக் கிளிப் போடுறவர்."

சிரித்தார். தீர்ப்பை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. அவர் ஒருவர் மட்டும் சொன்னதென்றால் இன்னொரு காபியோடு விட்டிருப்பேன். கவிதையையும் அன்றாட வாழ்க்கையையும் வைத்து மெல்லச் சிரிக்கவைக்கும் இந்த மாதிரிச் சித்திரத் தொகுப்புகளைப் பற்றிப் படித்தவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். வாழ்த்து அட்டை ரகம். பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆகும், உட்கார்ந்து படிக்க ஆகாது. கவிதையில் தண்ணீர் கலந்து நீட்டுகிறார்கள். நையாண்டி இல்லாத நகைச்சுவை உப்பில்லாப் பண்டம். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் மட்டும், "சரி, பிள்ளைகளாவது இதைப் பிடித்துக்கொண்டு நல்ல கவிதைக்கு வந்து சேரட்டும்" என்பார்கள். திட்டுகிறவர்களைவிட இந்த இரக்கக்காரர்கள்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

புத்தகம் கிராண்ட் ஸ்னைடருடையது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரத்துக்காரர். பகலில் பல் சீரமைப்பு, கிடைத்த நேரத்தில் படம். 2009 முதல் 'இன்சிடென்டல் காமிக்ஸ்' என்ற பெயரில் வரைந்துவருகிறார். 2017இல் 'தி ஷேப் ஆஃப் ஐடியாஸ்', 2020இல் 'ஐ வில் ஜட்ஜ் யூ பை யுவர் புக்‌ஷெல்ஃப்' என்று தொகுப்புகள் வந்தன. நண்பர் புரட்டியது 2024இல் வந்த 'பொயட்ரி காமிக்ஸ்'. பருவங்களின் வரிசையில் கோத்த, ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும் சித்திரக் கவிதைகள். ஆள் சின்னதாக இருப்பான், வானம் பெரிதாக இருக்கும். வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ஒரு வரி வருமா வராதா என்று நடந்து திரிவதும்தான் அவருடைய வீரசாகசங்கள்.

இவரைச் சந்தோஷ வியாபாரி என்று ஒதுக்குகிறவர்கள் அந்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பின் பொருளடக்கத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மேதைமை என்பது ஒரு பங்கு அகத்தூண்டல், மீதியெல்லாம் வியர்வை என்று எடிசன் பெயரில் ஒரு கணக்கு உலவுகிறதல்லவா? அதை எடுத்துக்கொண்டு அத்தியாயத்துக்கு அத்தியாயம் சதவீதம் போட்டிருக்கிறார். அகத்தூண்டலுக்கு 1. வியர்வைக்கு 29. அன்றாட எரிச்சலுக்கு 13. கதியற்றுப்போன நிலைக்கு 10.9. கலப்படமில்லாத ஆனந்தத்துக்கு 0.1. மற்றவற்றையும் சேர்த்துக் கூட்டினால் சரியாக 100 வரும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆனந்தம் என்று பில் போட்டுக் கையில் கொடுக்கிறவர் என்ன சந்தோஷ வியாபாரி?

கடிக்கவில்லை என்ற புகாருக்கு வருவோம். நகைச்சுவை என்றால் யாரையாவது குத்த வேண்டும், அரசியல்வாதியையோ அண்டை வீட்டுக்காரனையோ கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்ற எண்ணம் எப்போது நம் தலையில் ஏறியது என்று தெரியவில்லை. நம்முடைய பழைய கணக்கு அப்படி இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகையை முதலில் வைக்கிறது. அது நான்கு இடத்தில் பிறக்கும் என்கிறது. அந்த நான்கில் எள்ளல் ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் இளமை, பேதைமை, மடன். பிள்ளைத்தனத்தைப் பார்த்து வரும் சிரிப்பும், விவரம் போதாமையைப் பார்த்து வரும் சிரிப்பும், ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிக் கொண்டதை விடாமல் இருப்பதைப் பார்த்து வரும் சிரிப்பும். இந்த மூன்றுக்கும் பல் தேவையில்லை. எள்ளல் மட்டும்தான் நகைச்சுவை என்கிறவர் நான்கு அறை வீட்டில் ஒரு அறையில் குடியிருந்துகொண்டு மற்ற மூன்றையும் பூட்டிவைத்திருக்கிறார்.

மடனுக்கு உரையாசிரியர் பேராசிரியர் சொல்லும் விளக்கம் கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. இதற்கு உலகச் சித்திரத் துணுக்குகளில் சார்லி பிரவுனைப்போல உதாரணம் கிடையாது. சார்ல்ஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்' துணுக்கில், லூசி என்ற பெண் கால்பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடிவந்து உதை என்பாள். சார்லி ஓடிவருவான். கடைசி நொடியில் பந்தை இழுத்துக்கொள்வாள். அவன் காற்றை உதைத்து மல்லாந்து விழுவான். 1952இல் லூசி இதைத் தொடங்கினாள். ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏதாவது ஒரு புதுக் காரணம் சொல்லி நம்பவைப்பாள், அவனும் நம்புவான். இதில் யாரை எள்ளுகிறோம்? லூசியையா? அவளைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை. விழுந்து கிடப்பவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம், சிரித்த வாயோடு போன வருஷம் நாம் யாரை நம்பி விழுந்தோம் என்பதும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்கு நண்பரிடம் தொல்காப்பியம் பேசவில்லை. பேசியிருந்தால் எழுந்து போயிருப்பார். அலமாரியிலிருந்து 'பீனட்ஸ்' முதல் தொகுதியை எடுத்து, முதல் துணுக்கைக் காட்டினேன். 1950 அக்டோபர் 2ஆம் தேதி ஏழு நாளிதழ்களில் வந்தது. நான்கே கட்டம். நான்காவதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டேன்.

முதல் கட்டத்தில் நடைபாதை ஓரம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் வட்டத் தலையோடு சார்லி பிரவுன் வருகிறான். வருகிறான் பார் நம்ம ஆள் என்கிற தோரணையில் பையன் தொடங்குகிறான். இரண்டாவதில் சார்லி சிரித்த முகமாக அவர்களைக் கடந்துபோகிறான், பையன் மெச்சுகிறான். மூன்றாவதில் சார்லி போய்விட்டான்; மெச்சல் மட்டும் இன்னும் ஓடுகிறது.

"நாலாவதுல என்ன சொல்வான்னு சொல்லுங்க அண்ணே."

"என்ன சொல்வான்? நல்ல பையன்னு முடிப்பான். இவங்கதான் எல்லாத்தையும் நல்லபடியா முடிக்கிறவங்களாச்சே."

விரலை எடுத்தேன். அந்தப் பையனுக்குச் சார்லியைக் கண்டாலே ஆகாது என்று இருந்தது. முகத்தில் அப்படி ஒரு கடுப்பு.

"அடப்பாவி" என்றார் நண்பர். பிறகு மூன்றாவது கட்டத்துக்குத் திரும்பிப் போய், அந்தக் கடுப்பு எங்கே தொடங்கியது என்று தேடினார். அங்கே இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விரற்கடைகூட இல்லாத ஒரு வெள்ளை இருக்கிறது பாருங்கள், அதற்குள்தான் அது நடந்தது. ஷுல்ஸ் அதை வரையவில்லை. வரைந்திருந்தால் நாம் பார்த்திருப்போம். வரையாததால் நாமே நடத்திவைத்தோம். கவிதையில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் இருக்கும் இடத்தில் நடப்பதும் இதுதானே? ஐந்து தொகுப்பு போட்டவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நான்கு கட்ட அளவும் ஷுல்ஸ் ஆசைப்பட்டுத் தேர்ந்ததல்ல. நாளிதழில் இடம் மிச்சம் பிடிக்கும் துணுக்கு என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். நான்கும் ஒரே அளவு, பத்திரிகைக்காரர் படுக்கையாகவும் போடலாம், நிறுத்தியும் போடலாம், இரண்டிரண்டாகச் சதுரமாகவும் அடுக்கலாம். பெயரும் அவர் வைத்ததல்ல. 'பீனட்ஸ்' என்ற பெயரைக் கடைசிவரை வெறுத்தார். அடுத்தவர் கொடுத்த சட்டத்துக்குள் 17,897 துணுக்குகளை, எழுத்து உட்பட எல்லாவற்றையும் தன் கையாலேயே வரைந்தார். யாப்புக்குள் எழுதியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். வெண்பாவில் மற்ற அடிகளெல்லாம் நான்கு சீரில் வர, ஈற்றடி மட்டும் மூன்று சீரில் நின்றுவிடும். அந்த ஒரு சீர் குறைவதில்தான் வெண்பாவின் முழு அடியும் விழுகிறது. நல்ல துணுக்கின் கடைசிக் கட்டமும் இப்படி ஏதோ ஒன்று குறைந்துதான் நிற்கும். மேலே சொன்ன துணுக்கின் கடைசிக் கட்டத்தில் சார்லி இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்திருந்தால் அது வெறும் சண்டை.

இன்னொரு வாதமும் உண்டு. படத்தை மறைத்துவிட்டு வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார், கவிதையாகத் தேறுகிறதா என்பார்கள். எழுதிப் பார்த்தேன். தேறவில்லைதான். காவடிச் சிந்திலிருந்து மெட்டை உருவிவிட்டுச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துக் காட்டி, சரக்கு இல்லையே என்றால் அதற்கு என்ன பதில்? ஸ்னைடர் பக்கத்தில் மனிதன் எவ்வளவு சின்னதாக இருக்கிறான் என்பது ஒரு சொல். வானத்துக்கு எத்தனை கட்டம் ஒதுக்கினார் என்பது இன்னொரு சொல். அவற்றை அழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுவது திருட்டுக் கணக்கு.

எனக்கு நிஜமாகவே கோபம் வரவைப்பது வேறொன்று. மென்மையாகச் சிரிப்பவன் சொகுசாக இருப்பவன், ஜன்னல் ஓரத்தில் காபி வைத்துக்கொண்டு மழையைப் பார்ப்பவன், அவனுக்கு வாழ்க்கையின் அடி தெரியாது என்ற பேச்சு. ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் நத்தையையும் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களைப்போலக் கூப்பிட்டுப் பேசிய ஜப்பானியக் கவிஞர் கோபயாஷி இஸ்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1763இல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டார். மாற்றாந்தாயோடு ஒத்துவராமல் பதின்ம வயதிலேயே எடோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார். ஐம்பதைத் தாண்டித்தான் கல்யாணம். பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. மனைவியும் 1823இல் இறந்தார். 1827இல் ஊரில் தீப்பிடித்து வீடும் எரிந்து, எஞ்சிய சேமிப்புக் கிடங்கில் குடியிருந்து, சில மாதத்தில் அங்கேயே உயிர்விட்டார். எழுதிவைத்தது ஏறக்குறைய 20,000 ஹைக்கூ. அவற்றில் பூச்சியை அடிக்க ஓங்கிய கையைத் தடுக்கும் சிரிப்புகள் எத்தனையோ. அந்தச் சிரிப்பைச் சொகுசு என்கிறவருக்கு இஸ்ஸாவின் ஒரு வருஷத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஷுல்ஸும் அப்படித்தான். 1943இல், ராணுவத்துக்கு ஆள் எடுத்து இருபது வயதில் அழைத்துப்போன சமயத்தில், தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அந்தத் துக்கம் அவரை விடவேயில்லை. 'பீனட்ஸ்' துணுக்குகளில் பெரியவர்களே கண்ணில் படாமல் குழந்தைகள் தனியாக நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நேர்கோடு போடுவது விமர்சகர்களின் கெட்ட பழக்கம். ஆனால் அடி படாதவரின் சிரிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த இரக்கக்காரர்கள். பிள்ளைகள் காமிக்ஸில் ஏறிக் கவிதைக்குப் போகட்டும் என்கிறார்களே, அதில் ஏணிக்கு என்ன மரியாதை? ஏறினதும் உதைத்துத் தள்ளிவிடலாம் என்பதுதானே அர்த்தம்? நடந்ததைப் பார்த்தால் போக்குவரத்து எதிர்த்திசையில் இருந்திருக்கிறது. ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்' 1913 முதல் 1944வரை வந்த துணுக்கு. ஒரு எலி, பூனையின் தலையைக் குறிபார்த்துச் செங்கல்லை வீசும். பூனை அதைக் காதல் கடிதமாக எடுத்துக்கொள்ளும். பூனையை நேசிக்கும் நாய்ப் போலீஸ் எலியைப் பிடித்து உள்ளே போடும். முப்பது வருஷம் இதேதான், அரிசோனாப் பாலைவனத்தின் பாறைகளும் நிலாவும் கட்டத்துக்குக் கட்டம் காரணமில்லாமல் உருமாறிக்கொண்டிருக்க. பெரும்பாலான வாசகர்களுக்குப் புரியவில்லை. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுக்குப் பிடித்திருந்ததால் தப்பித்தது. ஹெரிமன் இறந்த பிறகு 1946இல் வந்த தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் இ. இ. கம்மிங்ஸ். ஆங்கிலக் கவிதையை அச்சுத்தாளில் உடைத்துப்போட்டு விளையாடியவர். ஏணிக்கு மேலே நின்றவர் என்று நீங்கள் கருதும் ஆள், ஏணியிலேயே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்.

கவிஞர் ஜான் ஆஷ்பெரியும் உண்டு. செஸ்டினா என்று ஐரோப்பியக் கவிதையில் ஒரு வதைக் கூடம் இருக்கிறது. ஆறு அடி கொண்ட ஆறு கண்ணிகள், அதே ஆறு ஈற்றுச்சொற்கள் இடம் மாறி மாறி வர வேண்டும், கடைசியில் மூன்று அடிக்குள் ஆறையும் அடைக்க வேண்டும். அந்தக் கடும் யாப்புக்குள் ஆஷ்பெரி கொண்டுவந்து நிறுத்தியது யாரை? கீரை தின்று பலம் பெறும் பாப்பையையும் அவன் கூட்டத்தையும். 1970இல் அவருடைய தொகுப்பு ஒன்றில் வந்தது. யாரும் அவரைக் கவிதையில் தண்ணீர் கலந்தவர் என்று சொல்லவில்லை. காமிக்ஸ் கவிதைக்குள் போனால் துணிச்சல், கவிதை காமிக்ஸுக்குள் போனால் வாழ்த்து அட்டை. நல்ல நியாயம்.

என் அக்கா மகளுக்கு இரண்டு வருஷம் பல்லில் கிளிப் இருந்தது. மாதம் ஒருமுறை கம்பியை முடுக்கிவிட்டு அனுப்புவார்கள். இரண்டு நாள் ரசம் சோறுதான். ஒரேயடியாக முறுக்கி மூன்று மாதத்தில் முடிக்க முடியாதா என்று ஒருநாள் அந்த டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றார். விசை இலேசாக, விடாமல் இருந்தால்தான் பல்லுக்கு ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். அழுத்தித் திருகினால் வேரைச் சுற்றியுள்ள சவ்வில் ரத்த ஓட்டம் நின்று, பல் நகராமல் சண்டித்தனம் செய்யும். நாளெல்லாம் இந்த வேலையைப் பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து படம் வரையும்போது சம்மட்டியைத் தூக்கவில்லை என்று புகார் சொல்கிறோம். சொல்லப்போனால் முறுவல் என்ற சொல்லுக்கே பல் என்றும் ஒரு பொருள் உண்டு. பல் இருப்பதெல்லாம் கடிக்கத்தான் என்று தமிழ் நினைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஸ்னைடரின் எல்லாப் பக்கங்களுக்கும் நான் வக்கீல் இல்லை. சில இடங்களில் மேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேகத்தைப் பார் என்று நம்மிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். எப்படி எழுதுவது, எப்படி வாழ்வது, எதை விட்டுத்தொலைப்பது என்று பட்டியல். அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கும் வாசகங்களுக்கும் அவற்றுக்கும் தூரம் அதிகமில்லை. அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொன்னால் கத்திரிக்கோலை நானே எடுத்துத் தருவேன். ஆனால் அங்கே கெட்டது மென்மையால் அல்ல, உபதேசத்தால். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளையை நமக்கு விடாமல் தானே பூசி மெழுகிவிட்டார். முழங்கி முழங்கி எழுதப்படும் கடுங்கவிதைகளில் இந்தக் கோளாறு இன்னும் கிலோக்கணக்கில் கிடைக்கும். அதை யாரும் வாழ்த்து அட்டை என்பதில்லை, குரல் உரத்திருப்பதால் தப்பித்துவிடுகிறது.

வெள்ளையை விட்டுவைப்பது எப்படி என்பதற்கு அன்று நண்பரிடம் கால்பந்துக் கதையின் முடிவைச் சொன்னேன். 1999 அக்டோபரில் வந்த கடைசிக் கால்பந்துத் துணுக்கு. வழக்கம்போல லூசி பந்தைப் பிடித்திருக்கிறாள், சார்லி ஓடிவரத் தயாராகிறான். அந்த நேரம் பார்த்து அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பந்தைத் தம்பி ரீரன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பிறகு தம்பி வீட்டுக்குள் வருகிறான். பந்தை இழுத்தாயா, அவன் உதைத்தானா, என்ன ஆச்சு என்று லூசி துளைக்கிறாள். உனக்குத் தெரியவே போவதில்லை என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறான். அவ்வளவுதான். அடுத்த பிப்ரவரி 12ஆம் தேதி ஷுல்ஸ் இறந்தார். மறுநாள் காலைப் பத்திரிகையில் அவருடைய கடைசித் துணுக்கு வந்தது.

நண்பர் ஒன்றும் சொல்லாமல் காபித் தம்ளரைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினார். இரவு பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"தம்பி, தூங்கிட்டியா?"

"இல்லண்ணே, சொல்லுங்க."

"அந்தச் சின்னப் பையன் பந்தை இழுத்தானா, இல்லையா?"

"தெரியாதுண்ணே."

"என்னய்யா தெரியாது? எங்கயாவது சொல்லியிருப்பார்ல?"